சங்கிலியின் நீளம்

படிவத்தில் ஆறாவது கேள்வி: நாயின் இனம்.
ராட்வைலர் என்று எழுதினேன்.
ரைட்டர் எட்டிப் பார்த்து
"அதானே" என்றார்.
அந்த ஒரு சொல்லில்
என் பங்கு பாதி கழிந்துபோனது.
அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
சங்கிலி நாலரை அடி என்று.
பனங்காட்டில் எனக்குக் கொலுசுப் பட்டறை.
இருபத்தாறு வருஷமாய்
வளையம் வளையமாய்ப் பற்றவைத்துப் பிழைக்கிறவன்.
கணுக்கால் சுற்றளவு சொன்னால் போதும்,
அரை வளையம் கூடாமல் குறையாமல் கோத்துத் தருவேன்.
டாலருக்கு மட்டும் அளவெடுக்கவில்லை.
கம்பத்திலிருந்து தண்ணிச்சட்டி எட்டுகிறதா,
சரி என்று விட்டுவிட்டேன்.

டாலர், என் மகள் வைத்த பேர்.
குட்டியாய் வந்தபோது நெஞ்சில் பழுப்புத் திட்டு
பதக்கம் தொங்கவிட்ட மாதிரி.
ஓமலூர்க்காரன் இருபத்திரண்டாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
காதோடு சொன்னான்:
"வெளியாள் கை படவே விடாதீங்க.
வாரம் ஒருக்கா பச்சமிளகா கொடுங்க,
அப்பத்தான் வெறி ஏறும்."
வெள்ளி கிலோக்கணக்கில் கிடக்கிற வீடு.
விடவில்லை.
கொடுத்தேன்.
தும்மித் தும்மி மூக்கைத் தரையில் தேய்த்தது.
நாங்கள் வீடியோ எடுத்தோம்.

கேட்டில் ஒரு போர்டு, நாய்கள் ஜாக்கிரதை.
இருந்தது ஒன்றுதான்.
அந்தக் 'கள்'ளுக்கு
அறுபது ரூபாய் கூடக் கொடுத்தேன்.

பங்குனி மத்தியானம்
மின்வாரியத்து நவமணி ரீடிங் எடுக்க வந்தார்.
கேட்டைத் தொட்டார், திறந்துகொண்டது.
தாழ்ப்பாள் துருவேறி ஆடி ஆறு மாசம்.
சங்கிலிக் கொக்கி எப்போது தேய்ந்தது, எனக்குத் தெரியாது.
வெள்ளியில் மயிரிழை தேய்ந்தாலும் கண்ணில் படும்.
இரும்பை நான் பார்க்கவில்லை.

இடது முன்கையில் பதினேழு தையல்.

இனம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை.
எங்கள் தெருச் செவலை
போன தையில் பால்காரரைக் கவ்வியது,
பேண்ட் கிழிந்ததோடு சரி.
டாலரின் தாடை வேறு.
அது தெரிந்துதானே காசு கொடுத்தேன்.
கத்திக்குக் கொடுத்தவன்
உறைக்குக் கொடுக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கவரை நீட்டினேன்.
நவமணி வாங்கிக்கொண்டார்,
ஒற்றைக் கையால் எண்ணியும் பார்த்தார்.
அப்புறம் கேட்டார்,
"போர்டு மாட்டத் தெரிஞ்சவருக்குத்
தாழ்ப்பாள் போடத் தெரியலையா?"

ஊசி போட்டு முடிச்சிடலாம் என்றான் மச்சினன்.
ஏற்காட்டு ரோட்டில் இருபதாவது வளைவு தாண்டி
காப்பித் தோட்டத்துப் பக்கம் அவிழ்த்துவிட்டு வந்துடலாம்,
இது பட்டறைப் பையன் லோகு.
அங்கே காப்பி பறிக்கிறவர்களுக்கும்
கை இருக்கிறதே, என்றேன்.
என் வாயில் அது கொஞ்சம் தாமதமாக வந்தது.

பத்து நாள் கண்காணிப்பு.
தின்றது, குடித்தது, தூங்கியது.
நான்தான் தூங்கவில்லை.

பதினோராம் நாள் விடிகாலை ஐந்து மணி.
வாய்க்கூடு மாட்டி, தோல்வாரைக் கையில் சுற்றிக்கொண்டு
தெருவில் இறங்கினேன்.
நாலு வயசு. வாசலுக்கு வெளியே முதல் தடவை.
நின்றிருந்த ஆட்டோவைச் சுற்றிப் போக மறுத்தது.
காதுகுத்து பேனர் ஒன்று காற்றில் படபடக்க
என் இரண்டு காலுக்கும் நடுவே
தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது,
ஐம்பத்தோரு கிலோ.
இத்தனை நாள் குரைத்ததெல்லாம்
இதுதானா?

எதிரே யாரோ வரும் செருப்புச் சத்தம்.
"தள்ளிப் போங்க" என்று வாய் எடுத்தேன்.
பழக்கம்.
பிறகு வாரைக் குட்டையாகப் பிடித்து
சாக்கடை ஓரமாய்
நாங்கள் ஒதுங்கி நின்றோம்.